இணையத்தில் ஓடும் ஒலியை மாணவர் பாட்காஸ்ட்டுக்கு எடுப்பது எப்படி: டெல்டாப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

லேப்டாப் ஸ்பீக்கருக்கு முன்னால் போனை நீட்டிப் பதிவு செய்யும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அப்படி எடுத்த ஆடியோவில் மின்விசிறி ஓடும், தெருவில் போகிற மினி பஸ் ஹாரன் அடிக்கும், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி சேரும், எல்லாவற்றுக்கும் அடியில் உங்களுக்கு வேண்டிய குரல் மெலிதாகக் கிடக்கும். பிறகு எந்த மென்பொருளை வைத்துத் தேய்த்தாலும் அது முழுதாகச் சரியாகாது. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒலியை அதற்குள்ளேயே பிடிக்க வழி இருக்கிறது, செலவும் இல்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பாட்காஸ்ட் தொடங்குகிற மாணவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த யூடியூப் வீடியோவிலிருந்து அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் எப்படி எடுப்பது?" எடுக்கும் நுட்பம் அரைமணி நேரத்தில் பழகிவிடும். எதை எடுக்கலாம், யாரிடம் கேட்க வேண்டும், எவ்வளவு போதும் என்பதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு எபிசோடை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும்? ஜூன் 12-இல் அணை திறப்பது வழக்கம், நீர்மட்டம் போதாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து போகும், சேதுபாவாசத்திரம், தலைஞாயிறு பக்கத்து விவசாயிகள் குறுவைக்கோ சம்பாவுக்கோ காத்திருப்பார்கள். இந்த எபிசோடுக்கு அணை திறப்பு விழாப் பேச்சில் ஒரு துண்டு, வானிலை அறிவிப்பில் ஒரு துண்டு, ஒரு விவசாயியின் பேட்டி, தண்ணீர் பாயும் சத்தம், நடுநடுவே கொஞ்சம் நாகசுரம் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வழியில்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் எழுத்து, அப்புறம் பதிவு

ஸ்கிரிப்ட் எழுதாமல் ஒலியைச் சேர்க்க உட்காராதீர்கள். கையில் ஒரு மணி நேரக் கிளிப் இருந்தால் அதில் எதையும் விட மனம் வராது, எபிசோடு வீங்கிவிடும். நீங்கள் பேசப்போவதை முதலில் எழுதுங்கள், எந்த இடத்தில் வேறொரு குரல் வந்தால்தான் விஷயம் நிற்கும் என்று பாருங்கள், அங்கே மட்டும் அடைப்புக்குறி போட்டு வையுங்கள். அமைச்சர் சொன்ன தேதியை நீங்களே ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றால் அவர் குரல் தேவையில்லை. அவர் அதைச் சொன்ன விதத்தைப் பற்றித்தான் நீங்கள் பேசப்போகிறீர்கள் என்றால் குரல் வேண்டும். இந்தக் கேள்வி பின்னால் சட்ட விஷயத்திலும் கைகொடுக்கும்.

கூடவே ஒரு கூகுள் ஷீட் அல்லது ஒரு நோட்டு. ஒவ்வொரு கிளிப்புக்கும் லிங்க், எடுத்த தேதி, மூல வீடியோவில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, யாருடைய குரல், உரிமம் என்ன, அனுமதி கொடுத்தவர் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். எடுக்கும்போதே எழுத வேண்டும். பத்து நாள் கழித்து "கிளிப் இறுதி 2 புதியது" என்று பெயரிட்ட கோப்பு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

பிடிப்பதற்கு முன் கேட்டு வாங்கப் பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இணையத்தில் ஓடுவதைத் திரும்பப் பதிவு செய்வது கடைசி வழிதான். யூடியூபிலோ ஃபேஸ்புக்கிலோ ஏற்றியதுமே ஒலி ஒருமுறை சுருக்கப்பட்டுவிடுகிறது. மூலக் கோப்பு கிடைத்தால் தரமும் கூடும், அனுமதியும் சேர்ந்தே வரும்.

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, சீர்காழி மாதிரி ஊர்களில் உள்ளூர்ச் செய்தி போடுகிற யூடியூப் சேனல்கள் பெரும்பாலும் ஒரே ஆள் போனை வைத்துக்கொண்டு நடத்துவது. அவர்களிடம் கேட்டால் கொடுப்பார்கள், கேட்கத்தான் வேண்டும். சேனலின் அறிமுகப் பக்கத்தில் நம்பரோ மின்னஞ்சலோ இருக்கும். இப்படி எழுதுங்கள்: "அண்ணா வணக்கம், நாங்கள் கல்லூரி மாணவர்கள், கடைமடைப் பாசனம் பற்றி ஒரு பாட்காஸ்ட் செய்கிறோம். நீங்கள் போட்ட வாய்க்கால் வீடியோவில் 2:10 முதல் 2:50 வரை உள்ள பேச்சைப் பயன்படுத்த அனுமதி வேண்டும். உங்கள் சேனல் பெயரை எபிசோடிலும் குறிப்பிலும் சொல்வோம். மூலக் கோப்பு இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்ப முடியுமா?" எந்த இடம், எதற்கு, பெயர் சொல்வீர்களா என்ற மூன்றும் முதல் செய்தியிலேயே இருக்கட்டும். அவர் "சரிப்பா, எடுத்துக்கோங்க" என்று பதில் போட்டால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த வீடியோவையே அவர் வேறு யாரிடமிருந்தோ எடுத்துப் போட்டிருந்தால் அவருடைய அனுமதிக்கு மதிப்பில்லை. "நீங்களே எடுத்ததாண்ணா?" என்று கேட்டுவிடுங்கள்.

புயல், வெள்ளம் பற்றிய எபிசோடு என்றால் இது இன்னும் முக்கியம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது எடுத்த வீடியோக்கள் இன்றும் ஒவ்வொரு புயலுக்கும் புதிதுபோலச் சுற்றி வருகின்றன. வேறு ஊர்ப் புயலையும் நம் ஊர் என்று போடுகிறார்கள். முதலில் ஏற்றியவர் யார், எந்தத் தேதி என்று தேடுங்கள். பின்னணியில் பேசுகிறவர்களின் பேச்சு வழக்கைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

தண்ணீர், மழை, தவளை, டிராக்டர் மாதிரி சத்தங்களுக்கு ஃப்ரீசவுண்ட் தளம் இருக்கிறது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கியது, இலவசமாக டவுன்லோடு செய்யலாம், ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் உரிமம் எழுதியிருக்கும். விக்கிமீடியா காமன்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ் இரண்டிலும் தேடுங்கள். ஆனால் இன்டர்நெட் ஆர்க்கைவில் யார் வேண்டுமானாலும் எதையும் ஏற்றலாம் என்பதால் அங்கே இருப்பதாலேயே ஒன்று இலவசம் ஆகிவிடாது. இன்னொன்று, வாய்க்கால் சத்தத்துக்கு இணையத்தில் எதற்கு அலைய வேண்டும்? ஊர் மதகடியில் போனை வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள், காற்று அடித்தால் மைக்கின் மேல் ஒரு கைக்குட்டையைச் சுற்றுங்கள். ஸ்பெயினில் யாரோ பதிவு செய்த ஓடையை வெண்ணாறு என்று போடுவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

வானொலித் துண்டு வேண்டும் என்றால், திருச்சி வானொலி 1939-இலிருந்து இருக்கிறது, காரைக்காலில் பண்பலை நிலையமும் உண்டு. கல்லூரி லெட்டர்பேடில், துறைத்தலைவர் கையெழுத்தோடு, எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, எத்தனை நிமிடம் என்று எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். பதில் வர நாளாகும், அதனால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

எதை எடுக்கலாம்: சட்டத்தின் பக்கம்

முப்பது வினாடிக்குள் இருந்தால் யாரும் கேட்க முடியாது என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க உலவுகிறது. அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, விமர்சனம், திறனாய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாள அனுமதிக்கிறது. எத்தனை வினாடி என்று அதில் எழுதவில்லை. நீங்கள் அந்தத் துண்டைப் பற்றிப் பேசுகிறீர்களா, பேசுவதற்குத் தேவையான அளவுதான் எடுத்தீர்களா என்பதே கேள்வி. அணை திறப்புப் பேச்சில் இருபது வினாடியைப் போட்டு, "சொன்ன தேதியில் தண்ணீர் வந்ததா?" என்று நீங்கள் அலசினால் நிற்க இடம் உண்டு. அதே பேச்சில் பத்து நிமிடத்தை ஓடவிட்டுவிட்டு "கேட்டீர்களா நேயர்களே" என்று முடித்தால் இல்லை.

அதே பிரிவில் ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் ஒரு படைப்பை எடுத்தாளவும் இடம் இருக்கிறது. அது கற்பித்தலுக்குள் நடப்பதற்கான பாதுகாப்பு. வகுப்பில் ஆசிரியர் கேட்டு மார்க் போடுகிற பாட்காஸ்ட் என்றால் அதைச் சொல்லலாம், ஸ்பாட்டிஃபையில் உலகத்துக்கே வெளியிடும்போது அதை நம்பி இறங்காதீர்கள்.

இசையில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமைகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவர் வாழ்நாளும் அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும். ஒலிப்பதிவுக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வெளியான இசைத்தட்டின் பதிவுரிமை 2020 முடிவில் தீர்ந்தது, இப்படிக் கணக்குப் போட வேண்டும்.

நம் ஊர்க்காரர்களையே வைத்துப் பாருங்கள். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், கீர்த்தனை யாருடைய தனிச் சொத்தும் இல்லை, ஆனால் போன வருஷத் திருவையாறு ஆராதனையில் ஒரு வித்வான் பாடியதன் பதிவு அப்படி இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973, ஆகவே அவருடைய பாடல்கள் 2033 முடியும் வரை உரிமைக்குள் இருக்கும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் போய்விட்டார், அவர் வரிகளை நீங்கள் தாராளமாக வாசிக்கலாம். ஆனால் அவருடைய வரிகள் சிலவற்றுக்கு மெட்டமைத்த எம்.எஸ்.விஸ்வநாதன் 2015 வரை வாழ்ந்தவர், அதனால் வரி விடுதலையானாலும் பாட்டு விடுதலையாகவில்லை. சினிமாப் பாட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் நம் எபிசோடுக்கு நாகசுரம்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956. அவர் வாழ்ந்தபோதே வெளியான 78 சுழல் இசைத்தட்டுகளின் பதிவுரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும் தட்டுகள் அவை, இடையிசைக்கு அளவெடுத்து வைத்தமாதிரி இருக்கும். அவர் இறந்த பிறகு முதன்முதலாக வெளியான கச்சேரிப் பதிவுகளுக்குத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கல்: உரிமை தீர்ந்த பதிவையும் ஏதாவது நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தால், யூடியூபில் ஏற்றியதும் தானியங்கி உரிமைக் கோரிக்கை வரலாம். பயப்பட வேண்டாம், வெளியான ஆண்டைச் சொல்லி மறுக்கலாம், அதற்குத்தான் அந்த நோட்டு. இதைவிட நல்ல வழி, உங்கள் ஊரில் வாசிக்கிற நாகசுரக் கலைஞரிடம் போய், உரிய சன்மானம் கொடுத்து, ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வது. டெல்டாவில் இருந்துகொண்டு இதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது படைத்தவரே எல்லோருக்கும் முன்கூட்டிக் கொடுத்துவைத்த அனுமதி, இருந்தால் அதன் வகையைப் படியுங்கள். பெயர் மட்டும் சொன்னால் போதும் என்பது ஒன்று, வணிகத்துக்குக் கூடாது என்பது ஒன்று, வெட்டி மாற்றக் கூடாது என்பது ஒன்று. கடைசி வகை பாட்காஸ்ட்டுக்குப் பெரும்பாலும் உதவாது, நாம் வெட்டத்தானே எடுக்கிறோம். சிசி-ஜீரோ என்றிருந்தால் படைத்தவர் தன் உரிமையையே விட்டுக்கொடுத்துவிட்டார், கவலையே இல்லை.

தளத்தின் விதிகள் தனி. யூடியூப் தானே தரும் டவுன்லோடு வசதியைத் தாண்டி இறக்கிக்கொள்வதை அதன் விதிகள் ஏற்பதில்லை, அதனால் நியாயமான கையாளுகைக்குள் வருகிற சிறு துண்டுக்கும் முடிந்தவரை அனுமதி வாங்கிவிடுங்கள். பூட்டுப் போட்ட ஒலியை, அதாவது பணம் கட்டிக் கேட்கும் தளங்களின் பாதுகாப்பை, உடைத்து எடுப்பது 2012 திருத்தத்தில் வந்த 65-ஏ பிரிவின்படி குற்றமே ஆகலாம். நீதிமன்ற நேரலைகளுக்கும் தனி விதிகள் உண்டு, காவிரி வழக்கு விசாரணையே ஓடினாலும் அதைப் பதிவு செய்து வெட்டிப் போடாதீர்கள், நடந்ததை உங்கள் குரலில் சொல்லுங்கள்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிடிப்பது

சரி, அனுமதி கிடைத்தது, ஆனால் அந்தச் சேனல்காரர் மூலக் கோப்பை அழித்துவிட்டார். இப்போதுதான் பதிவு. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். 2000-ஆவது ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். தேடினால் முதலில் வருகிற ஏதோ ஒரு டவுன்லோடு தளத்தில் எடுக்காதீர்கள், கூடவே வேண்டாதது ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும்.

ஆடாசிட்டியைத் திறந்து மேலே "ஆடியோ செட்டப்" பட்டனை அழுத்துங்கள். "ஹோஸ்ட்" என்பதில் வழக்கமாக எம்எம்இ என்று இருக்கும், அதை விண்டோஸ் வாசாபி என்று மாற்றுங்கள். அடுத்து "ரெக்கார்டிங் டிவைஸ்" பட்டியலில் உங்கள் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன் பெயருக்குப் பக்கத்தில் "லூப்பேக்" என்று எழுதிய வரி தெரியும், அதைத் தேர்ந்தெடுங்கள். இனி ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையே அது பதிவு செய்யும், அறையில் யார் பேசினாலும் சேராது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தால் ஹெட்போனின் லூப்பேக்கைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "ஒண்ணுமே பதிவாகலை" என்று வருகிற புகார்களில் பெரும்பகுதி இந்த இடத்தில் ஏற்பட்டதாகவே இருக்கிறது. சேனல் எண்ணிக்கையை 2 என்று வையுங்கள். ரெக்கார்டிங் அமைப்புகளில், பதிவாவதை உடனே கேட்கும் வசதி ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒலி சுற்றிச் சுற்றி எதிரொலிக்கும்.

பதிவைத் தொடங்கும் முன் வாட்ஸ்அப் வெப்பை மூடுங்கள், நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். முதல்வர் பேச்சு நடுவே "டிங்" என்று ஒரு சத்தம் விழுந்தால் திரும்ப முதலிலிருந்துதான். யூடியூப் பிளேயரின் பல்சக்கர மெனுவில் "ஸ்டேபிள் வால்யூம்" இருந்தால் அணையுங்கள், அது மெதுவான பேச்சையும் சத்தமான பேச்சையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கும். வேகம் சாதாரணமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒன்றரை மடங்கில் பாடம் கேட்கிற பிள்ளைகளுக்கு இது மறந்தே போயிருக்கும். லேப்டாப்பில் டால்பி, பாஸ் பூஸ்ட் என்று ஏதாவது ஒலி அலங்காரம் ஓடினால் அதையும் நிறுத்துங்கள், சில மாடல்களில் அந்த அலங்காரமும் சேர்ந்தே பதிவாகும்.

ஒரு முறை ஒத்திகை ஓட்டுங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபல் பக்கம் வந்து நிற்கட்டும், சிவப்பைத் தொடக் கூடாது. அதிகமாக இருந்தால் பிளேயர் வால்யூமைக் குறையுங்கள். பிறகு ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, வேண்டிய இடத்துக்கு ஐந்து வினாடி முன்னாலிருந்தே வீடியோவை ஓடவிடுங்கள், முடிந்த பிறகும் ஐந்து வினாடி விடுங்கள். வெட்டும்போது இந்த ஓரங்கள் இல்லாவிட்டால் மூச்சு பாதியில் அறுந்து நிற்கும். எதுவும் ஒலிக்காத நேரத்தில் பதிவு ஓடாமல் காத்திருக்கலாம், அது கோளாறு இல்லை. நடுவில் நல்ல இடம் வந்தால் கன்ட்ரோலும் எம்மும் சேர்த்து அழுத்துங்கள், அந்த இடத்தில் ஒரு லேபிள் விழும், பிறகு தேடுவது சுலபம்.

முடிந்ததும் ப்ராஜெக்ட்டைச் சேமியுங்கள், அதோடு வேவ், அதாவது சுருக்காத ஒலிக் கோப்பாகவும் எடுத்து வையுங்கள். எம்பி3 ஆக இப்போதே மாற்றாதீர்கள். ஏற்கெனவே யூடியூப் ஒருமுறை சுருக்கியது, நீங்கள் ஒருமுறை சுருக்கி, கடைசியில் முழு எபிசோடையும் சுருக்கினால் "ச", "ஷ" எல்லாம் கரகரக்கும். வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி பிடிக்கும், தேவையான துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டால் இடம் போதும்.

பழைய லேப்டாப்பில் லூப்பேக் வரி தெரியவில்லையா? விண்டோஸின் பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் ரெக்கார்டிங் பகுதிக்குப் போய், வலது கிளிக் செய்து, அணைத்து வைத்த கருவிகளைக் காட்டச் சொல்லுங்கள். "ஸ்டீரியோ மிக்ஸ்" என்று ஒன்று தென்பட்டால் ஆன் செய்து அதை ஆடாசிட்டியில் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு மென்பொருளின் ஒலி மட்டும் வேண்டும், மற்றது எதுவும் சேரக் கூடாது என்றால் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற திரைப்பதிவு மென்பொருள் நல்லது, 28-ஆம் பதிப்பிலிருந்து தனித்தனி ஆப்பின் ஒலியைப் பிடிக்கும் வசதி அதில் இருக்கிறது. அது வீடியோவாகச் சேமிக்கும், அதிலிருந்து ஒலியை எடுக்க ஆடாசிட்டியோடு எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

லினக்ஸ், மேக்

அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இன்னும் இருந்தாலும் சரி, நீங்களே உபுண்டு போட்டிருந்தாலும் சரி, வேலை இன்னும் சுலபம். பாவுகன்ட்ரோல் என்ற சின்ன மென்பொருளை நிறுவி, ஆடாசிட்டியில் பதிவைத் தொடங்கிவிட்டு, அதன் ரெக்கார்டிங் பக்கத்தில் மைக்குக்குப் பதிலாக "மானிட்டர்" என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மேக் வைத்திருப்பவர்கள் பிளாக்ஹோல் என்ற இலவச மெய்நிகர் ஒலிக்கருவியை நிறுவி, ஆடியோ மிடி செட்டப்பில் ஸ்பீக்கரையும் பிளாக்ஹோலையும் ஒரே வெளியீடாகச் சேர்த்து, ஆடாசிட்டியில் பிளாக்ஹோலிலிருந்து பதிவு செய்யலாம்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால்

ஆண்ட்ராய்டு 11-இலிருந்து திரைப்பதிவு வசதி உள்ளேயே வருகிறது. மேலிருந்து இழுத்தால் வரும் பட்டன்களில் ஸ்கிரீன் ரெக்கார்டர் இருக்கும், ஒலி எங்கிருந்து என்று கேட்கும் இடத்தில் மைக்கை விட்டுவிட்டு "டிவைஸ் ஆடியோ" அல்லது "மீடியா சவுண்ட்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரின் பதிவு பட்டனை நீண்ட நேரம் அழுத்தி மைக் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் டூ நாட் டிஸ்டர்ப் போடுங்கள். சில ஆப்கள் தங்கள் ஒலியைப் பிடிக்க விடாது, படம் ஓடும், சத்தம் இருக்காது. விடாது என்றால் விட்டுவிடுங்கள், அது அவர்கள் வேண்டுமென்றே போட்ட தடை. கிடைத்த வீடியோவைக் கம்ப்யூட்டர் லேபில், எஃப்எஃப்எம்பெக் சேர்த்து நிறுவிய ஆடாசிட்டிக்குள் இழுத்துப் போட்டால் ஒலி மட்டும் வந்துவிடும்.

பேட்டியை நேரலையில் பிடிப்பது

கடைமடை விவசாயியை ஜூமில் உட்கார வைக்க முடிந்தால் கம்ப்யூட்டரில் உள்ள ஜூம் செயலியின் ரெக்கார்டிங் அமைப்பில் ஒவ்வொருவர் ஒலியையும் தனிக் கோப்பாகச் சேமிக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். அவர் பேசும்போது நீங்கள் "ம்ம்", "சரிங்க" என்று போட்டதெல்லாம் தனி ட்ராக்கில் இருக்கும், அணைத்துவிடலாம். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தாதீர்கள். மைக் ஆன் ஆனதும் பல ஹெட்செட்டுகள் போன் பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும், நீங்கள் கேட்பதும் பேசுவதும் மொத்தமாகக் கெடும். பழைய வயர் இயர்போன் போதும்.

ஆனால் உண்மையில் வயலில் நிற்கிற மனிதரிடம் ஜூம் லிங்க் அனுப்பிப் பயனில்லை. அதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி: அவர் பக்கத்தில் அவருடைய பேரனோ பேத்தியோ இன்னொரு போனில் ரெக்கார்டர் ஆப்பை ஆன் செய்து வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் உங்கள் பக்கத்தில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள், பேசுவது சாதாரணப் போன் அழைப்பில். அவர் ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துப் பேச வேண்டும். தொடக்கத்தில் பேரனை ஒருமுறை சத்தமாகக் கை தட்டச் சொல்லுங்கள், அது உங்களுக்குப் போனில் கேட்ட உடனே நீங்களும் தட்டுங்கள். இரண்டு கோப்பையும் அடுக்கும்போது அந்த இரண்டு கூர்முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் போதும். பதிவை வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் தரம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பதிவு தொடங்கியதும் முதல் வேலை சம்மதம். "ஐயா, நம்ம பேசுறதை ரெக்கார்ட் பண்றோம், காலேஜ் பாட்காஸ்ட்ல போடுவோம், யார் வேணாலும் கேப்பாங்க, உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டு, அவர் சரி என்று சொல்வதும் பதிவாகட்டும். தண்ணீர் விஷயம், பயிர்க்கடன் விஷயம் பேசுகிறவர்களுக்கு ஊரில் நாளைக்குச் சங்கடம் வரக்கூடும். பேட்டி முடிந்த பிறகும் "இதை எடுத்துடுங்க தம்பி" என்று ஏதாவது வரியைச் சொன்னால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு சுவையான வரியாக இருந்தாலும்.

நேரலை நிகழ்ச்சியைப் பிடிப்பதாக இருந்தால் மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு நாளா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். லேப்டாப் முழு சார்ஜில், இணையம் போன் ஹாட்ஸ்பாட்டில். முடிந்தால் இரண்டு பேர் இரண்டு இடத்தில் பதிவு செய்யுங்கள்.

வெட்டுவதும் சேர்ப்பதும்

பேச்சுக் கிளிப் எல்லாவற்றையும் மோனோ, அதாவது ஒற்றைச் சேனல், ஆக்குங்கள். ப்ராஜெக்ட் முழுதும் ஒரே சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது), 44,100 அல்லது 48,000, ஏதாவது ஒன்றிலேயே இருக்கட்டும். வெட்ட வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு இசட் அழுத்தினால் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்துக்குத் தேர்வு நகரும், "டிக்" சத்தம் வராது. கிளிப்பின் இரண்டு முனையிலும் ஒலி மெல்ல ஏறி, மெல்ல இறங்கும்படி சின்ன ஃபேடு கொடுங்கள்.

இரைச்சல் நீக்கத்தைக் கையாளும்போது நிதானம் வேண்டும். பேச்சில்லாத ஒரு வினாடியைத் தேர்ந்தெடுத்து இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொண்டு, பிறகு முழுக் கிளிப்புக்கும் 6 முதல் 12 டெசிபலுக்குள் குறைத்துப் பாருங்கள். அதற்கு மேல் போனால் பேசுகிறவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். வயலில் எடுத்த பேட்டியில் தூரத்தில் பம்ப்செட் ஓடினால் ஓடட்டும், அது அந்த இடத்தின் சத்தம்தானே.

வெட்டும்போது பொருள் மாறக் கூடாது. "தண்ணி வரும், ஆனா தூர் வாராத வாய்க்கால்ல எப்படி ஏறும்?" என்று அவர் சொன்னதில் முதல் இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டால் அவர் சொன்னதற்கு நேர்மாறாக வரும். நடுவில் வெட்டி ஒட்டியிருந்தால், இரண்டு துண்டுக்கும் இடையே உங்கள் குரலில் ஒரு வரி வையுங்கள், கேட்பவருக்கு அங்கே இடைவெளி இருப்பது தெரியும். கிளிப்புக்கு முன்னால் யார், எங்கே, எப்போது என்பதை நீங்களே சொல்லுங்கள், கிளிப் முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுங்கள்.

எல்லாம் சேர்த்த பிறகு, எஃபெக்ட் மெனுவில் லவுட்னஸ் நார்மலைசேஷன் திறந்து, மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவை அளக்கும் அலகு) என்று வையுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைக்கும் அளவு இதுதான். மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் பெட்டி டிக் ஆகியிருக்கட்டும். இதைக் கடைசியில் ஒருமுறை மட்டும் செய்தால் போதாது, கிளிப்புகளை அடுக்கும் முன்பே ஒவ்வொன்றுக்கும் செய்துவிட்டால் அமைச்சர் குரல் காதைப் பிளந்து, விவசாயி குரல் முணுமுணுக்கும் கதை வராது. பிறகு லேப்டாப்பில் கேட்டது போதும் என்று விடாமல், ஓடுகிற டவுன் பஸ்ஸில் ஒரு இயர்போனை மாட்டிக் கேளுங்கள். உங்கள் நேயர்கள் கேட்கப்போவது அப்படித்தான்.

வெளியீட்டுக்கு, பேச்சு மட்டும் என்றால் மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும், நிமிடத்துக்கு அரை எம்பி கூட வராது, வாட்ஸ்அப் குழுவில் சுலபமாகச் சுற்றும். நாகசுரம் வருகிற எபிசோடுக்கு ஸ்டீரியோ 128 வையுங்கள். குறிப்புப் பகுதியில் ஒவ்வொரு கிளிப்புக்கும் தலைப்பு, உரியவர் பெயர், லிங்க், உரிமம் நான்கையும் நோட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போடுங்கள். ஆடாசிட்டியின் ப்ராஜெக்ட் கோப்பு, மூல வேவ் துண்டுகள், அனுமதி ஸ்கிரீன்ஷாட்டுகள் மூன்றையும் ஒரே போல்டரில் வைத்து, ஒரு பிரதியைக் கூகுள் டிரைவிலும் இன்னொன்றைத் துறையின் பென் டிரைவிலும் போட்டு வையுங்கள், அடுத்த பேட்ச் பிள்ளைகள் அதே வாய்க்காலைப் பற்றிப் பேச வரும்போது கேட்பார்கள்.